நுரையீரல் புற்றுநோயில் பாலியல் ஹார்மோன்களின் பங்கு: புற்றுநோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி (குடியாத்தம்): டாக்டர், என் தாயார் புகைபிடித்ததே இல்லை, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியவர். அவருக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்கிறார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான் காரணமா?

பதில்: ஈஸ்ட்ரோஜன்தான் இந்நோயை உண்டாக்கியது என்று சொல்ல ஆதாரமில்லை. தோன்றிவிட்ட கட்டி வளர அது துணைபோகக்கூடும் என்பதற்கோ ஆய்வகச் சான்றுகள் பல உண்டு. நுரையீரல் புற்றுசெல்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்கள்), குறிப்பாக பீட்டா வகை, காணப்படுகின்றன. ஹார்மோன் அவற்றில் பொருந்தியதும் செல் பெருக்கத்துக்கான மரபணுக்கள் தூண்டப்படுவதோடு, ஈ.ஜி.எஃப்.ஆர் என்னும் வளர்ச்சி ஏற்பியும் முடுக்கிவிடப்படுகிறது. புகைபிடிக்காத ஆசியப் பெண்களின் கட்டிகளில் அந்த ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணுவில்தான் அடிக்கடி மாற்றம் தென்படுகிறது. ஆகவே தாயாரின் திசுவில் அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உள்ளன. ஹார்மோனைப் பற்றிய கவலையைவிட இதுவே இன்று அவருக்குப் பயன்படும்.

கேள்வி (காட்பாடி): மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது இது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வின் 2009ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆனால் அதனால் இறந்தவர்கள் மாத்திரை எடுத்த குழுவில் 73 பேர், போலி மாத்திரை எடுத்த குழுவில் 40 பேர். நோயை வரவழைப்பதைவிட, வந்த நோயை முற்றவைப்பதிலேயே இந்தக் கூட்டு மாத்திரைக்குப் பங்கிருக்கலாம் என்றே நான் இதைப் படிக்கிறேன். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களிடம் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. புகைப்பழக்கம் இருந்தாலோ, முன்பு இருந்தாலோ, அதை மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி முடிவெடுங்கள்.

கேள்வி (இராணிப்பேட்டை): ஐயா, ஆண்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்னும் நொதி நுரையீரல் கட்டிகளிலேயே இருப்பதால், கட்டி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ள முடியும். ஆனாலும் புகையிலையும், ஆலைக் கழிவால் உங்கள் ஊர் நன்கறிந்த ஆறு இணைதிறன் குரோமியம் என்னும் நச்சுப்பொருளும் நிரூபிக்கப்பட்ட காரணிகள். கவலைப்படுவதானால் முதலில் அவற்றுக்குத்தான்.

கேள்வி (ஆற்காடு): அப்படியானால் மார்பகப் புற்றுக்குத் தரும் தமாக்சிஃபென் இதற்கும் உதவுமா?

பதில்: ஜெனீவாவில் மார்பகப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், தமாக்சிஃபென் போன்ற ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றால் நேர்ந்த இறப்பு குறைவாக இருந்தது. அது பதிவுகளைப் பார்த்துச் சொன்னதே தவிர, மருந்தைக் கொடுத்துச் சோதித்ததல்ல. நுரையீரல் புற்றுக்கு இன்று தமாக்சிஃபென் வழக்கமான சிகிச்சை இல்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.