60 பந்தயப் பணம் போதாது

கேள்வி: 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், வந்து போன சீட்டுகளை எண்ணப் பழகி, 6 கட்டு டேபிளில் குறைந்தபட்சப் பந்தயத்தைப் போல 60 மடங்கு பணத்தோடு உட்கார்ந்தேன். மூன்றே நாளில் 40 போய்விட்டது. கணக்கு (சிறிய சீட்டு போனால் +1, பத்து மதிப்புள்ளதோ ஏஸோ போனால் -1) +6 வந்ததும் எட்டு மடங்கு வைக்கிறேன். எங்கே தப்பு? தன் செயலியில் ஆடினால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார் ஒரு பயிற்சியாளர்.

பதில்: முதலில் அந்தப் பயிற்சியாளரை விட்டு விலகுங்கள். கணினியே சீட்டுப் போடும் செயலிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படும். அங்கே எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? நன்றாக எண்ணத் தெரிந்தவருக்கே சாதகம் ஏறத்தாழ 1% தான். இதை மறைத்துவிட்டுப் பாடம் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரி, உங்கள் +6. அதை மீதமுள்ள கட்டுகளால் வகுக்க வேண்டும். 5 கட்டு மிச்சமிருந்தால் 1.2 தான், உங்களுக்குச் சாதகம் அநேகமாக இல்லை. 2 கட்டு மிச்சமென்றால் 3, அப்போது ஏற்றலாம்.

பெரிய தப்பு பணத்தில். எட்டு வைத்து, சீட்டைப் பார்த்தபின் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் ஒரே கையில் 16 போகும், நீங்கள் கொண்டுபோன 60-இல் கால் பங்குக்கும் மேல். 1% சாதகத்தோடு, ஒரே அளவு பந்தயத்தில் 400 கை ஆடினாலே எதிர்பார்க்கும் லாபம் 4. ஏற்ற இறக்கம் இரு பக்கமும் 23 வரை சாதாரணம். ஏற்றி இறக்கி ஆடினால் இன்னும் கூடும். ஆகவே 40 போனதை வைத்து உங்கள் எண்ணிக்கை தப்பு என்று சொல்ல முடியாது. எட்டு மடங்கு ஏற்றுபவருக்கு 1,000 மடங்காவது வேண்டும்.

டீலர் ஏஸைக் காட்டும்போது, அவரிடம் பிளாக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும்) இருக்கும் என்று வைக்கும் இன்ஷூரன்ஸ் பந்தயம் வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அது 2:1 தருகிறது. மீதிச் சீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து மதிப்புள்ளவை இருந்தால்தான் லாபம். முழுக் கட்டில் 52-க்கு 16 தான். வகுத்த கணக்கு +3-ஐத் தொட்டால் எடுங்கள், கீழே இருந்தால் வேண்டாம். கையில் 20 இருக்கிறதே, காப்பாற்றிக்கொள்வோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், பிளாக்ஜாக்குக்கு 3:2-க்குப் பதில் 6:5 தரும் டேபிளில் உட்காராதீர்கள். அது ஒன்றே சூதாட்ட விடுதிக்குச் சுமார் 1.4% கூடுதலாகக் கொடுக்கிறது. நீங்கள் எண்ணிச் சேர்த்த சாதகம் அதிலேயே தீர்ந்துவிடும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மனதுக்குள் எண்ணுவது குற்றமில்லை. ஆனாலும் எண்ணுகிறார் என்று தெரிந்தால் விடுதிக்காரர்கள் வெளியே அனுப்புகிறார்கள்; தோற்பவரை மட்டும் உட்காரவிடுகிறார்கள். இது என்ன நியாயமோ!

மிச்சமிருக்கும் 20-ஐ எடுத்து வையுங்கள். வீட்டில் ஆறு கட்டு வாங்கி, வகுத்துப் பழகுங்கள்.