1986 பக்னர் பந்து: "அப்போது நான் எங்கே இருந்தேன்" என்ற நினைவைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் 1986 வேர்ல்ட் சீரிஸின் (பேஸ்பால் சாம்பியன் பட்டத்துக்கான தொடர்) ஆறாவது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், அந்தத் தலைமுறை ரசிகர்கள் அந்த நேரத்தில் எங்கே, யாரோடு இருந்தார்கள் என்பதை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். குடும்ப நினைவுகளைப் பதிவு செய்யும்போது இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: காட்சி தெளிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பக் கூடாது. பாஸ்டன் அணிக்காக முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போகும் அந்தச் சில விநாடிகளை டிவி அதற்குப் பிறகு எண்ணற்ற தடவை காட்டிவிட்டது. அன்றைக்குத் தூங்கிப்போனவருக்கும் அந்தக் காட்சி அத்துப்படி. ஆகவே சோதிக்க வேண்டியது மறு ஒளிபரப்பில் வராத துண்டுகளை: அதற்கு முன்னால் என்ன நடந்தது, மணி என்ன, எந்தக் குரல் கேட்டது, மறுநாள் என்ன ஆயிற்று.

அதற்கு முதலில் ஆட்டம் எப்படிப் போனது என்பது கையில் இருக்க வேண்டும். 1986 அக்டோபர் 25, சனிக்கிழமை இரவு, நியூயார்க் குயின்ஸில் ஷே ஸ்டேடியம். நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான தொடரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3-2 என முன்னிலை. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் 1918க்குப் பிறகு முதல் பட்டம். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் அடித்த ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது), அதன்பின் இன்னொரு ரன், 5-3. மெட்ஸ் ஆட வந்ததும் முதல் இரண்டு பேர் அவுட்; மூன்றாவது அவுட்டோடு எல்லாம் முடிந்துவிடும். பாஸ்டன் வீரர்களின் அறையில் ஷாம்பெயின் தெறிக்காமல் இருக்க பிளாஸ்டிக் திரைகூடத் தொங்கவிட்டாகிவிட்டது. பிறகு கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் என்று வரிசையாக மூன்று சிங்கிள் (அடித்துவிட்டு முதல் பேஸை எட்டுவது), 5-4. பாஸ்டனின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியை இறக்கினார்கள். மெட்ஸின் மூக்கி வில்சன் பத்துப் பந்துகளைச் சந்தித்தார். ஏழாவது பந்து வைல்ட் பிட்ச், அதாவது பின்னால் நிற்பவர் பிடிக்க முடியாதபடி விலகிப்போன வீச்சு. மூன்றாவது பேஸிலிருந்து மிட்செல் ஓடிவந்து 5-5 ஆனது, நைட் இரண்டாவது பேஸுக்குப் போனார். பத்தாவது பந்துதான் பக்னரைத் தாண்டிப் போனது. நைட் வந்து சேர்ந்தார், மெட்ஸ் 6-5.

இதிலேயே முதல் பொறி இருக்கிறது. "பாஸ்டன் ஜெயிக்கிற நிலையில் இருந்தது, பக்னர் விட்டார், தோற்றது" என்று ஒருவர் சொன்னால், அவர் மனதில் இருப்பது பிற்காலத்தில் பத்திரிகைகளும் டிவியும் சுருக்கிச் சொன்ன கதை. பந்து அவரிடம் வருவதற்கு முன்பே ஸ்கோர் சமம். அவர் பிடித்து அவுட் ஆக்கியிருந்தால் பதினோராவது இன்னிங்ஸ் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். நேரலையில் பார்த்த பாஸ்டன் ரசிகர்கள் பலர் வைல்ட் பிட்ச்சைத்தான் முதலில் சொல்வார்கள், வயிற்றைக் கலக்கியது அதுதான் என்று. பிறகு, மேலாளர் ஜான் மெக்நமாராவைத் திட்டுவார்கள்: தொடரில் முன்பு பாஸ்டன் வென்ற ஆட்டங்களில் கடைசியில் பக்னருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை முதல் பேஸில் நிறுத்தியவர், அன்று மட்டும் மாற்றவில்லை. என் கணக்கில் இந்த இரண்டில் ஒன்றாவது தானாக வாயில் வந்தால், சொல்பவர் டிவி முன்னால் இருந்தார் என்பதற்கு ஓரளவு நல்ல அறிகுறி. தீர்ப்பு அல்ல, அறிகுறி. புத்தகத்தில் படித்தும் தெரிந்திருக்கலாம்.

அடுத்தது மணி. ஆட்டம் இரவு எட்டரை மணிவாக்கில் தொடங்கி நான்கு மணி இரண்டு நிமிடம் நடந்தது. கிழக்குக் கரையில் முடியும்போது நள்ளிரவு தாண்டி அக்டோபர் 26 ஆகிவிட்டது. சிகாகோவில் அப்போது பதினொன்றரை, கலிஃபோர்னியாவில் ஒன்பதரை. லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர் "வீடே அடங்கிய நள்ளிரவில் தனியாகப் பார்த்தேன்" என்றால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பாஸ்டனில் வளர்ந்த பத்து வயதுப் பையன் "அப்பா என்னை எழுப்பிவிட்டார், கடைசி அவுட்டைப் பார்க்கட்டும் என்று" என்றால் நேரம் பொருந்துகிறது. இன்னொரு நல்ல பிடி: அந்த ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குத்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் நாள். இதை யாரும் மறு ஒளிபரப்பில் காட்டுவதில்லை.

குரல்தான் எனக்குப் பிடித்த சோதனை. என்பிசி டிவியில் வர்ணனை வின் ஸ்கல்லி, கூட ஜோ கரஜியோலா. முதல் பேஸ் கோட்டோரம் மெல்ல உருளும் பந்து என்று தொடங்கி நைட் ஓடிவருவதில் முடியும் அந்தப் புகழ்பெற்ற வர்ணனை டிவிக்கானது. அதைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி வெகுநேரம் வாயே திறக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலை மட்டும் ஓடவிட்டார். காரில் போய்க்கொண்டிருந்தவருக்கு ஸ்கல்லியின் குரல் கேட்டிருக்க வழியில்லை. மெட்ஸ் வானொலியில் பாப் மர்ஃபியும் பாஸ்டன் வானொலியில் கென் கோல்மனும் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். "நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன், ஸ்கல்லி கத்தினார்" என்பவர் பொய் சொல்லவில்லை. கார் உண்மையாக இருக்கலாம், குரல் பின்னால் ஒட்டிக்கொண்டது. அவர் சொல்வதில் காரை வைத்துக்கொண்டு குரலைத் தள்ளுங்கள்.

ஆறாவது ஆட்டத்தையும் ஏழாவதையும் கலந்துவிடுவது மிகச் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை மழை, ஏழாவது ஆட்டம் திங்கள், அக்டோபர் 27க்குத் தள்ளிப்போனது. பாஸ்டன் 3-0 முன்னிலை எடுத்து 8-5இல் தோற்றது. அதே திங்கள் இரவு நியூ ஜெர்சியில் ஜயன்ட்ஸும் வாஷிங்டனும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து டிவியில் ஓடியது. அங்கே மைதானத்தில் இருந்தவர்கள் காதில் வானொலியை வைத்துக்கொண்டு மெட்ஸுக்காகக் கத்தினார்கள். ஆகவே "இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், மறுநாள் வேலை இருந்தது" என்பவர் சொல்வது ஏழாவது ஆட்டத்தை. ஆறாவதுக்கு மறுநாள் ஞாயிறு.

"நான் ஷே ஸ்டேடியத்திலேயே இருந்தேன்" என்பவர்களிடம் முதல் இன்னிங்ஸைக் கேளுங்கள். மெட்ஸுக்கு வாழ்த்துப் பதாகையோடு ஒருவர் பாராசூட்டில் மைதானத்துக்குள்ளேயே வந்து இறங்கினார். அன்று அங்கே இருந்தவர்கள் 55,078 பேர். உள்ளே இருந்து அதை மறந்தவரை நம்புவது கஷ்டம். பத்தாவது இன்னிங்ஸில் இரண்டாவது அவுட்டுக்குப் பின் ஸ்கோர்போர்டில் பாஸ்டனுக்கு வாழ்த்துச் செய்தி அவசரப்பட்டு ஒரு கணம் மின்னி மறைந்ததையும் கேட்கலாம், ஆனால் அது பிற்காலத்தில் அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் சான்றாக அவ்வளவு எடை இல்லை.

பேட்டி எடுக்கும் முறை: அவரை முதலில் தனியாக, எதையும் பார்க்காமல், யூடியூப் போடாமல் சொல்லச் சொல்லுங்கள். முழுதாகப் பதிவான பிறகுதான் உங்கள் கேள்விகள். இடம், கூட இருந்தவர், செய்துகொண்டிருந்த வேலை, செய்தி வந்த வழி, தன் உணர்ச்சி, மற்றவர் உணர்ச்சி, அடுத்து நடந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் "எவ்வளவு உறுதி" என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் வாங்குங்கள். கணவன் மனைவியை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் காரியம் கெட்டது: பேச்சு வேகமுள்ளவரின் கதை இருவருடைய கதையாகிவிடும். கடைசியில்தான் ரெட்ரோஷீட் என்ற பேஸ்பால் பதிவுத் தளத்தில் ஆட்டத்தின் படிப்படியான பதிவையும், அந்த ஊரின் அன்றைய நாளிதழில் டிவி நிகழ்ச்சி அட்டவணையையும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

உறுதி எண்ணை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் "செய்தியை எங்கே கேட்டீர்கள்" என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி 2.95. பதினோரு பேருக்குப் பூஜ்யம். உறுதியோ ஐந்துக்கு நான்கைத் தாண்டியது. அந்த நைசரே, பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தபோது தான் வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல ஆண்டுகள் நம்பியவர். டிசம்பரில் ஏது பேஸ்பால்? அன்று நியூயார்க்கில் நடந்தது ஜயன்ட்ஸுக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் இடையிலான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்; அதே பெயர்களில் பேஸ்பால் அணிகளும் இருந்தன. அது போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானத்தில் நடந்தது. பெயரும் இடமும் சேர்ந்து விளையாட்டையே மாற்றிவிட்டன.

எந்த அணி ரசிகர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2003, 2004 அமெரிக்கன் லீக் இறுதி ஆட்டங்களைப் பற்றி 1,563 ரசிகர்களிடம் பிரெஸ்லினும் சேஃபரும் நடத்திய ஆய்வில், யாங்கீஸ் ரசிகர்கள் 2003ஐயும் ரெட் சாக்ஸ் ரசிகர்கள் 2004ஐயும் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். அதாவது தங்கள் அணி வென்றதை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதும் பேசுவதும் வென்றவர்கள்தானே. ஆகவே 1986க்கு மெட்ஸ் ரசிகர் சொல்வதற்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுக்கலாம்.

மற்ற பேஸ்பால் ஆட்டங்களுக்கும் இதே முறை பொருந்தும், பொறி மட்டும் மாறும். 1951 பாபி தாம்சன் ஹோம் ரன்னை டிவியில் பார்த்தவர்கள் ரஸ் ஹாட்ஜஸின் கூச்சலை நினைவுகூர்ந்தால், அது வானொலிக் குரல். டிவியில் பேசியவர் எர்னி ஹார்வெல். 1975இல் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்தது பாஸ்டன் நேரப்படி நள்ளிரவு 12:34க்கு, எனவே தேதி அக்டோபர் 21ஆ 22ஆ என்று ஆளுக்கு ஆள் மாறும். 2016இல் கிளீவ்லாந்தில் சிகாகோ கப்ஸ் வென்றபோது அங்கே நவம்பர் 3, சிகாகோவில் இன்னும் நவம்பர் 2. 1960 பிட்ஸ்பர்க் ஆட்டம் வேறு ரகம்: பில் மசெரோஸ்கியின் ஹோம் ரன் மட்டும் செய்திப்படங்களில் ஓடிக்கொண்டிருந்தது, முழு ஆட்டத்தின் பதிவு 2009இல் பாடகர் பிங் கிராஸ்பி வீட்டு ஒயின் அறையில் அகப்பட்டு 2010 டிசம்பரில்தான் ஒளிபரப்பானது. எனவே அந்த ஆட்டத்தைப் பற்றி 2010க்கு முன் எடுத்த பழைய பேட்டி ஏதாவது வீட்டில் கிடந்தால், புதிதாகக் கேட்பதற்கு முன் அதைத் தேடி எடுங்கள்.