ஆன்டிபாடி எண் குறைவாக இருந்தால் ஆபத்தா?

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. எனக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போய்விட்டது, அண்ணன் ஐசியூ வரை போய் வந்தார். இப்போது டெஸ்ட் எடுத்தால் அவருக்கு ஆன்டிபாடி ஆயிரக்கணக்கில், எனக்கு வெறும் 42. மறுபடி வந்தால் எனக்குத்தான் ஆபத்தா டாக்டர்?

பதில்: அந்த 42-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கும் புரதம். கடுமையாகப் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் பொதுவாக ஆன்டிபாடி அதிகமாக இருக்கும், லேசாக வந்துபோனவர்களுக்குக் குறைவாக இருக்கும். 2020-லிருந்தே பல நாடுகளிலும் பார்த்த விஷயம் இது. வைரஸ் பெருகி நாள்கணக்கில் உடம்பில் தங்கினால், அதற்கேற்ப ஆன்டிபாடி உற்பத்தியும் ஏறிக்கொண்டே போகும். அண்ணனுடைய எண் பெரும்பாலும் அவர் பட்ட பாட்டைத்தான் சொல்கிறது.

ஆன்டிபாடி எவ்வளவு வந்தது என்பதைவிட எப்போது வந்தது என்பது பெரிய விஷயம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வில், வைரஸை முடக்கும் ஆன்டிபாடி அறிகுறி தொடங்கி 14 நாளுக்குள் உருவானவர்கள் நன்றாகத் தேறினார்கள், அதற்கு அப்புறம் உருவானது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பிரிட்டனின் ரெகவரி ஆய்விலும் இதே கதைதான்: ஆஸ்பத்திரியில் சேரும்போது சொந்தமாக ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு வெளியிலிருந்து தயார் ஆன்டிபாடி மருந்து ஏற்றியபோது, 28 நாளில் இறந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தார்கள், ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை.

இன்னொன்று, எல்லா ஆன்டிபாடியும் நமக்கு நல்லது செய்வதில்லை. வைரஸ் நுழைந்ததும் முதலில் தடுக்க வரும் இன்டர்ஃபெரானையே சிலருடைய ஆன்டிபாடி முடக்கிவிடுகிறது. உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரைச் சோதித்ததில் 101 பேருக்கு இது இருந்தது, அதில் 95 பேர் ஆண்கள். உங்கள் லேப் ரிப்போர்ட்டில் இதெல்லாம் தெரியாது, வைரஸ் தொற்றிய செல்களை அழிக்கும் வெள்ளை அணுக்களான டி செல்களின் பலமும் தெரியாது.

சரி, ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? ஸ்பைக் (வைரஸின் மேலே முள் மாதிரி இருக்கும் புரதம்) என்று இருக்கிறதா, நியூக்ளியோகேப்சிட் (வைரஸின் உள்ளே இருக்கும் புரதம்) என்று இருக்கிறதா பாருங்கள். கோவிஷீல்டு போட்டவர்களுக்கு ஊசியால் ஸ்பைக் ஆன்டிபாடி மட்டும்தான் வரும். கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்க வைத்துச் செய்தது, அதில் இரண்டும் வரலாம். நீங்களும் அண்ணனும் வேறு வேறு லேபில் எடுத்திருந்தால், கிட்டும் அலகும் ஒன்றாக இல்லாதபோது இரண்டு எண்களையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எண்ணை ஏற்றுவதற்காக மாத்திரை, டானிக் என்று எதுவும் வாங்காதீர்கள், திரும்பத் திரும்ப டெஸ்டும் வேண்டாம். அடுத்த முறை யாருக்கு ஆபத்து என்பதை வயது, சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, போட்ட தடுப்பூசி இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். அண்ணனுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால், அவருடைய பெரிய எண்ணை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளிலேயே டாக்டரிடம் போகட்டும். வீட்டில் யாராவது மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவரோ ரிட்டுக்ஸிமாப் (ஆன்டிபாடி உற்பத்திக்கு வேண்டிய பி செல்களைக் குறைக்கும் மருந்து) ஊசி போடுகிறவரோ இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்குத் தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி சரியாக உருவாகாமல் போகலாம், அதனால் டெஸ்ட் வேண்டுமா, எப்போது ஊசி போடுவது என்பதையெல்லாம் அவர்களுடைய சிறப்பு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.