வெந்த காளூர்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். வயது 71. நீங்கள் தினமும் காலையில் போடும் சொல் துணுக்குகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, சாயங்காலம் பேத்திக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் அவள் பள்ளியில் பேகூர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "தாத்தா, உங்க நோட்டுல தப்பு இருக்கு" என்றாள். வழிதவறி வந்த வீர வல்லாள ராஜாவுக்கு ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்த காளூரு', அது மருவிப் பெங்களூரு என்று நீங்கள் எழுதியதைத்தான் சொல்கிறாள். அங்கே இருக்கும் கல்வெட்டு அந்த ராஜாவுக்கும் மூத்ததாமே? அந்தப் பக்கத்தை அடித்துவிடட்டுமா?

தங்கள் வாசகர்,
அல்சூர்

அன்புள்ள ஐயாவுக்கு,

பேத்தி சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது. சின்ன வயதில் வகுப்பில் கேட்ட கதை என்பதால் சரிபார்க்கவே தோன்றவில்லை. 'என்று சொல்வார்கள்' என்று சேர்த்திருந்தாலாவது தப்பித்திருப்பேன். துணுக்கைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மாதிரி வார்த்தைகள்தான்.

கணக்கு இதுதான். கதையில் வரும் இரண்டாம் வீர வல்லாளன் ஹொய்சள அரசன். ஆண்டது 1173 முதல் 1220 வரை. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருப்பது கங்கர் காலத்து வீரக்கல், சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'பெங்களூருப் போரில்' மாண்டவனுக்காக வைத்தது. கிழவி அடுப்பு மூட்டுவதற்கு ஏறக்குறைய 300 வருடம் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது, அந்தப் பெயரில் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. 1537இல் கோட்டை கட்டிய கெம்பே கவுடாவும் ஏற்கெனவே புழங்கிய பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். கொடிகேஹள்ளி பக்கத்தில் 'ஹளே பெங்களூரு' என்று ஒரு ஊரே இருக்கிறது.

ஆனால் பக்கத்தை அடிக்காதீர்கள். அந்தக் கதைக்குள் நான் கவனிக்காமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. 'பெந்த' என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய 'வெந்த'. தமிழில் வ-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ப-வில் தொடங்கும், ஆங்கில b போல ஒலிக்கும் அழுத்தமான ப. வா என்றால் பா. வில் - பில்லு, வாழை - பாளெ, வெண்ணெய் - பெண்ணெ, வெள்ளி - பெள்ளி. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அங்கே இந்த ஊர் 'வெங்களூர்'. பேகூர் 'வெப்பூர்'. வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். 'தாமரைக்கரை' என்றும் ஒரு இடம் வருகிறது. இன்று டிராபிக்கில் நாம் நின்று கிடக்கும் தாவரெகெரெ அதுதான் என்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் இதைவிடச் சுவாரசியமானது. பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப (இது ஆங்கில p போல ஒலிக்கும் ப), பிற்பாடு ஹ ஆகிவிட்டது. பத்தாம் நூற்றாண்டுக் கவி பம்பன் காலத்துக் கன்னடத்தில் பாலும் புலியும் நம்முடையவை மாதிரியேதான் இருந்தன. இன்று ஹாலு, ஹுலி. பல் ஹல்லு ஆனது, பூ ஹூவு ஆனது, பள்ளி ஹள்ளி ஆனது. பலா ஹலசு ஆனது. உங்கள் அல்சூரைக் கன்னடக்காரர்கள் ஹலசூரு என்பதைப் பலாமரத்தோடு சேர்த்துச் சொல்வது அதனால்தான். வடமொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட சொற்களைப் பெரும்பாலும் இது தொடவில்லை. பூஜை பூஜெயாகவே இருக்கிறது, ஹூஜெ ஆகவில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி எலஹங்கா. கங்கர்களை வீழ்த்திய சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் ஆண்டார்கள். அப்போதைய தமிழ்க் கல்வெட்டுகளில் எலஹங்காவைச் சுற்றிய பகுதி 'இலைப்பாக்க நாடு'. இலை எல ஆகிவிட்டது, பாக்கம் ஹக்கவாகி ஹங்காவாகிவிட்டது. விமான நிலையத்துக்குப் போகும்போது பேத்தியிடம் அந்தப் போர்டைக் காட்டுங்கள்.

(இதை வைத்து 'பெங்களூரே தமிழ் ஊர்தான்' என்று ஒரு பார்வர்டு சுற்றும். தயவுசெய்து உங்கள் நோட்டில் ஏற்றாதீர்கள். பேகூர்க் கல் கன்னடம், மடிவாளாக் கல் தமிழ். இரண்டையும் பதிப்பித்த எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பைத் தொடங்கி நடத்திய லூயிஸ் ரைஸ் இங்கே 1837இல் பிறந்த வெள்ளைக்காரர். யாரை வெளியூர் என்பது?)

மார்க்கெட்டில் அவரைக்காளு மலையாகக் குவியும் மார்கழி, தை மாதங்களில் உங்கள் வீட்டிலும் வாங்குவீர்கள். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை இங்கே 'ஹிதுகித பேளெ' என்பார்கள். நான் பல வருடம் அதை ஏதோ கன்னடப் பண்டம் என்றே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த என் மாமியார்தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம பிதுக்கம்பருப்புதானே" என்றார். ஹிதுகு, பிதுக்கு! ப போய் ஹ வந்ததைப் புத்தகத்தில் படித்திருந்தும், தட்டில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

அதனால் அந்தப் பக்கத்தில் 'பெந்த' என்பதற்கு மேலே 'வெந்த' என்று எழுதுங்கள். ஓரத்தில், பேத்தியின் கையெழுத்திலேயே, 'பேகூர், சுமார் 890' என்று எழுதச் சொல்லுங்கள். நாளைய துணுக்கில் நானும் திருத்தம் போடுகிறேன்.

மடிவாளாவுக்கு அவளை இன்னும் கூட்டிப்போகவில்லை என்றால் ஞாயிறு காலையில் போகலாம், நானும் வருகிறேன். எட்டு மணிக்கு முன்னால் போனால் ஓசூர் ரோடு கொஞ்சம் காலியாக இருக்கும்.