“அவன் குணமே அப்படித்தான் சார்!” – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனுக்குப் புதிதாக ஒரு டிப்ளமோ பையன் வந்திருக்கிறான். வேலை சுத்தம். ஆனால் குட்மார்னிங் சொல்ல மாட்டான், டீ டைமில் எங்களோடு நிற்க மாட்டான், ஷிஃப்ட் முடிந்தால் ரெஜிஸ்டரில் ஒரே வரி எழுதிவிட்டு விறுவிறுவென்று போய்விடுவான். தலைக்கனம் பிடித்தவன் என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வழிக்குக் கொண்டுவருவது இருக்கட்டும் சார், நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். குட்மார்னிங் சொல்லவில்லை, டீக்கு நிற்கவில்லை, ஒரு வரிதான் எழுதினான், இதெல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தது. தலைக்கனம் நீங்கள் பார்த்தது இல்லை, பார்த்ததை வைத்து நீங்களும் லைனும் சேர்ந்து எடுத்த முடிவு. பையன் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று ஓடலாம், கூச்ச சுபாவியாக இருக்கலாம், முன்பு வேலை பார்த்த இடத்தில் வாயைத் திறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கலாம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடுகிற உங்கள் ஊர் டீப் பேச்சில் எங்கே நுழைவது என்று தெரியாமல் நிற்கலாம். நிஜமாகவே தலைக்கனமாகவும் இருக்கலாம், அதையும் தள்ளிவிட முடியாது.

நாம் லேட்டாகப் போனால் டிராஃபிக், அடுத்தவன் லேட்டாக வந்தால் சோம்பேறி. எல்லா ஊரிலும் இதே கதைதான். 1967-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் சொந்தக் கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவர் கையில் இல்லை, சொல்லிக்கொடுத்த பக்கத்தைத்தான் எழுதினார் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள் காஸ்ட்ரோ ஆளாகத்தான் இருப்பார் என்ற பக்கமே ஊகம் சாய்ந்தது. அங்கே கட்டாயம் என்னவென்று தெரிந்தே இப்படி. உங்கள் பையனுக்கு என்ன நெருக்கடி என்பதே உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் எழுதியதில் வேலையைப் பாதிக்கிற விஷயம் ஒன்றுதான், அந்த ரெஜிஸ்டர். ஒரு வரி கண்டிப்பாகப் போதாது. எந்த மெஷின் மக்கர் பண்ணியது, எந்த லாட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம், டூல் எப்போது மாற்றினோம், இவ்வளவும் வேண்டும் என்று நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள். அதைக் கறாராகக் கேட்கலாம். குட்மார்னிங்கையும் டீயையும் விட்டுவிடுங்கள், அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. லைனில் யாராவது ‘அவன் குணமே அப்படித்தான் சார்’ என்று ஆரம்பித்தால் கூடச் சேர்ந்து தலையாட்டாதீர்கள், சூப்பர்வைசர் வாயால் ஒரு பெயர் விழுந்துவிட்டால் அது அப்ரைசல் வரைக்கும் அவன் கூடவே போகும். அப்புறம் ஒருநாள் தனியாக, ‘உனக்கு பஸ் எத்தனை மணிக்குப்பா?’ என்று கேளுங்கள். ‘ஏன்டா யார்கிட்டயும் பேச மாட்டேங்கற?’ என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர் நன்றாகப் பேசுவார், ஆளும் பளிச்சென்று இருப்பார். அவர் ஆர்டரில் லேப் டிப் (பையர் ஓகே சொல்வதற்காகச் சாயம் போட்டு அனுப்பும் கலர் சாம்பிள்) தாமதமானால் ‘டையிங் யூனிட் சொதப்பிட்டான்’ என்கிறார்கள். என் ஆர்டரில் தாமதமானால் ‘உங்க ஃபாலோஅப் பத்தாதும்மா’ என்கிறார்கள். இன்கிரிமென்ட்டும் அவருக்குத்தான். நானும் அவரைப் போல மாறித்தான் ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். இரண்டு மாதம் நடித்துப் பார்த்துக் களைத்துப்போவீர்கள். அந்த லேப் டிப் விஷயத்தை நீங்கள் கவனித்து எழுதியது அருமை. ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் செய்கிற எல்லாமே சரியாகத் தெரியும். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 1920-லேயே எழுதிவிட்டார். அமெரிக்க ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைக் குணம், நடத்தை என்று தனித்தனியாகத்தான் மார்க் போட்டார்கள், ஆனால் ஒன்றில் தூக்கிப் போட்டவருக்கு மற்றதிலும் தூக்கியே போட்டிருந்தார்கள். உங்கள் எம்.டி. ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

அதற்காக அந்த நண்பருக்கு வாய் மட்டும்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், பையரை, அதாவது ஆர்டர் கொடுக்கிறவரை, சமாளிப்பதும் உங்கள் வேலையில் பாதி இல்லையா? பாரிக், மவுன்ட் என்ற இருவர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 1991-ல் வெளியிட்ட அலசலில், கலகலப்பான சுபாவம் விற்பனையிலும் மேனேஜர் வேலையிலும் கைகொடுத்தது. எடுத்த வேலையைப் பொறுப்பாக முடிக்கிற குணமோ, அவர்கள் பார்த்த எல்லா வகை வேலையிலும் கைகொடுத்தது. அது உங்களிடம் இருக்கிறது, எம்.டி. கண்ணில்தான் படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு மெயில் போடுங்கள், ஆர்டர் வாரியாக: சாம்பிள் என்றைக்கு அப்ரூவல் ஆனது, லேப் டிப் எத்தனை முறை திரும்பி வந்தது, யாரால், ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள். ஐந்தாறு வரி போதும், புலம்பல் வேண்டாம். தற்பெருமை மாதிரி இருக்குமோ என்று கூச்சப்படுவீர்கள், தேதியும் ஆர்டர் நம்பரும் இருக்கிற மெயிலை யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். அடுத்த அப்ரைசலில் ‘ஃபாலோஅப் பத்தாது’ என்று ஆரம்பித்தால், எந்த ஆர்டரில் சார் என்று கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

கேள்வி: ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார்கள். எனக்கு ஐஎன்டிபி (INTP) என்று நான்கு எழுத்து வந்தது, அதிகம் கலந்து பழகாத ஆள் வகையாம். கிளையன்ட் காலுக்கு நீ சரிப்பட மாட்டாய் என்கிறார் டீம் லீட். படித்துப் பார்த்தால் என்னைப் பற்றி அப்படியே எழுதியிருக்கிறது. நம்பலாமா?
- ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: பொழுதுபோக்காகப் படிக்கலாம். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் எழுதியதை எடுத்துக்கொண்டு கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது அது, இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. ஐந்தரை அடியில் கோடு கிழித்து இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்று பிரிக்கிற மாதிரிதான் அது மனிதர்களைப் பிரிக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சில வாரம் கழித்து எழுத்து மாறிவிடும். விற்கிறவர்களே ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். ‘அப்படியே எழுதியிருக்கிறது’ என்கிறீர்களே, 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்து ஆளுக்கொரு ரிசல்ட் என்று சொல்லிக் கொடுத்தார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். அதற்கு அவர்கள் போட்ட சராசரி மார்க் 5-க்கு 4.26. உங்கள் லீடிடம் ஒரு சின்ன கால் கேட்டு வாங்குங்கள், நீங்கள் எழுதிய மாட்யூலைப் பற்றியதாக இருந்தால் நல்லது. சரிப்படுகிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் கேள்வி கேட்டுத் துளைக்கிறார். அவர் பெரிய மேதை, நாங்கள் மக்கு என்றே தோன்றிவிட்டது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறவர் தனக்குத் தெரிந்த இடத்தில்தானே கேட்பார்! 1977-ல் உளவியலாளர் லீ ராஸும் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வினாடி வினா நடத்தினார்கள். யார் கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைக் குருட்டாம்போக்கில்தான் முடிவு செய்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் பதில் சொன்னவர்கள், கேட்டவர்தான் அறிவாளி என்றார்கள். அடுத்த மீட்டிங்கில் நீங்கள் தினமும் கையால் செய்கிற வேலையிலிருந்து இரண்டு சந்தேகம் அவரிடம் கேட்டுப் பாருங்கள், மரியாதையாகவேதான்.