நீ கேட்கவே இல்லையே

அன்புள்ள அம்மா,

உயிரியலில் முதுகலை முடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிதி மட்டும் உறுதியாகவில்லை. நெறியாளர், "முதலில் வந்து சேருங்கள், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டை அடமானம் வைத்துவிடலாம் என்கிறார் அப்பா. ஐன்ஸ்டைனே வேலை பார்த்துக்கொண்டுதான் முனைவர் பட்டம் வாங்கினார் என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்கள். எனக்கு 29 வயதாகிறது. தாமதமாகிவிட்டதோ என்ற பயமும் இருக்கிறது. எந்தெந்த உதவித்தொகைகளுக்கு நான் விண்ணப்பிக்கலாம்? நெறியாளரிடம் பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேட்பது முறையாகுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். என் ஆய்வுக் காலத்து வரவு செலவுக் குறிப்பேடு அகப்பட்டது. செலவுப் பத்தி அடிவரை நிறைந்திருக்க, வரவுப் பத்தியில் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லாத பக்கங்கள் அதில் உண்டு. அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எழுதுவதால் என் பதிலில் சற்றுக் கடுமை இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 29 ஒரு வயதே இல்லை. ஐன்ஸ்டைனையும் விட்டுவிடுங்கள். 1902 முதல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1905இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வேட்டை அளித்தது உண்மைதான். ஆனால் அது தாளும் பேனாவும் கொண்டு செய்த கோட்பாட்டு ஆய்வு. உங்களுக்கோ ஆய்வுக்கூடம் வேண்டும், பகல் முழுவதும் வேண்டும். போகும் நாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்தில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பும் இருக்கக்கூடும்.

என்னைக் கோபப்படுத்தியது அடமானம். தந்தை பாசத்தில் சொல்லிவிட்டார். அதை நீங்களும் ஒரு வழியாக எண்ணி எனக்கு எழுதலாமா? படித்து முடித்ததும் நிலையான சம்பளம் வரும் என்று நம்பத்தக்க படிப்புக்குக் கடன் வாங்கினால் அதில் ஒரு கணக்கு உண்டு. முனைவர் பட்ட ஆய்வு எப்போது முடியும் என்று நெறியாளராலேயே சொல்ல முடியாது, முடிந்தபின் வேலை எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. உங்கள் சோதனை பலித்தாலும் பலிக்காவிட்டாலும் வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறும். அதோடு, நீங்கள் அங்கே செய்யப்போவது உழைப்பு. நீங்கள் திரட்டும் தரவுகளும் எழுதும் கட்டுரைகளும் நடத்தும் வகுப்புகளும் அந்தத் துறைக்குப் பயன்படுகின்றன. நெதர்லாந்திலும் நார்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தமும் சம்பளமும் விடுப்பும் உள்ள ஊழியர்களாகவே அமர்த்தப்படுகிறார்கள். உழைக்கப்போகிறவரே தம் வீட்டை அடமானம் வைத்துச் செலவழிப்பதா?

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் இரண்டு ஆண்டுகளை எந்த உதவித்தொகையும் இல்லாமல் ஓட்டினேன். பகலில் நூலகம், இரவில் பிறருடைய ஆய்வேடுகளுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஆய்வேடுகள் ஒவ்வொன்றிலும் நன்றியுரை முதலில் வரும். நெறியாளருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி என்று போய், ஒரு வரியில் நிதி நல்கிய அமைப்பின் பெயரும் ஒப்புதல் எண்ணும் இருக்கும். எழுத்துப்பிழை தேடிய கண் பல மாதங்கள் அந்த வரியைச் சும்மா கடந்துபோயிற்று. ஒரு நாள் இரவு, என் துறையிலேயே எனக்கு முன் சேர்ந்த ஒருவருடைய ஆய்வேட்டில் அந்த எண்ணின் மேல் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. மறுநாள் என் நெறியாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த நிதிக்கு ஆண்டுதோறும் பெயர் அனுப்புகிறோமே, நீ கேட்கவே இல்லையே அம்மா" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பணத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு இழுக்கு என்று நான் நினைத்தேன். எனக்குத் தேவையில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அந்த மௌனத்தில் போயின.

ஆகவே உதவித்தொகைகளின் பட்டியல் ஒன்றை என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் துறையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் எடுத்து நன்றியுரையை மட்டும் வாசியுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பணம் தந்தவர்கள் யார் என்பது அங்கே அச்சாகியிருக்கிறது. நீங்கள் சேரவிருக்கும் ஆய்வுக்கூடத்தின் பழைய மாணவர்கள் இருவருக்காவது எழுதிக் கேளுங்கள்.

"முதலில் வந்து சேருங்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை நம்பிப் போய்விடாதீர்கள். பல நிதிகள் ஆய்வைத் தொடங்கிவிட்டவரை ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தில் ஒரு விதி உண்டு: பணியில் அமர்த்தப்படுவதற்கு முந்தைய 36 மாதங்களில், அழைக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ படித்தோ வேலை பார்த்தோ இருக்கக் கூடாது. சொந்தப் பணத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால், நாளைக்குத் திறக்கக்கூடிய கதவை நீங்களே இன்று அடைத்துவிடுவீர்கள்.

கிடைக்கும் பணம் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் பெயரில் வரும் உதவித்தொகையைப் பெரும்பாலும் நெறியாளர் மாறினாலும் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கும். அவருடைய ஆய்வுத் திட்டத்திலிருந்து வரும் பணம் திட்டம் முடியும் நாளில் நின்றுவிடும். கற்பித்தல் உதவியாளர் பணி சோறு போடும், ஆனால் விடைத்தாள் திருத்தும் பருவத்தில் உங்கள் ஆய்வு அசையாது. கட்டண விலக்கு என்பது கட்டணத்துக்கு மட்டும்தான். அதைக் கேட்டதும் செலவெல்லாம் தீர்ந்தது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியம் கடைசி ஆண்டு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்ட ஆய்வு உதவித்தொகை, அந்நாட்டவருக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் மட்டுமே உரியது. நல்ல பெயர் பெற்றது. அதுகூட ஐந்தாண்டுக் காலத்தில் மூன்று ஆண்டுகளுக்குத்தான் பணம் தருகிறது. மூன்று ஆண்டுப் பணத்தை வைத்துக்கொண்டு நான்கைந்து ஆண்டு ஆய்வு செய்வதே உலகெங்கும் பலருடைய நிலை. தரவெல்லாம் கையில் இருக்கும், எழுதி முடிக்க எட்டு மாதம் போதும். அந்த எட்டு மாதத்துக்குப் பணம் இராது. வேறு வேலைக்குப் போவார்கள், ஆய்வேடு மேசையிலேயே கிடக்கும். ஐந்து அத்தியாயங்களாக வரவேண்டிய என் தோழி ஒருத்தியின் ஆய்வேடு அப்படி நான்கோடு நின்றுபோயிற்று. தொடக்கத்தில் எவ்வளவு தருவார்கள் என்பதைக் காட்டிலும், முடிக்கும் ஆண்டில் யார் தருவார்கள் என்பதைக் கேளுங்கள்.

கேட்பது முறையா என்றீர்கள். மேரி கியூரி பாரிசில் படிக்கையில் கையிருப்புத் தீர்ந்த 1893இல், தோழி ஒருவரின் முயற்சியால் 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. அது இல்லையென்றால் அவருடைய கணிதப் படிப்பு அங்கேயே நின்றிருக்கும். 1903இல் முனைவர் பட்டம் பெறும் முன், 1900 முதல் செவ்ர் ஊரில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். அவருக்கே பணத்துக்கு வழி தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு மட்டும் என்ன கூச்சம்?

இந்த வாரமே நெறியாளருக்கு எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். கட்டணத்தை யார் செலுத்துவார்கள், வாழ்க்கைச் செலவுக்கு எத்தனை மாதம் பணம் உறுதி, திட்டம் முன்பே முடிந்தால் என்ன ஏற்பாடு, அவருடைய முந்தைய மாணவர்கள் கடைசி ஆண்டை எப்படிச் சமாளித்தார்கள் என்று நான்கு கேள்விகள் போதும். மரியாதையாகக் கேட்டதற்காக ஒருவர் சினந்தால், அவரிடம் ஐந்து ஆண்டுகள் எப்படி இருப்பீர்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால், சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க இயலுமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தைக் கேளுங்கள். பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். அந்த ஓராண்டில் விண்ணப்பங்களை அனுப்பலாம்.

வீட்டுப் பத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லுங்கள்.