நடந்து போகிறவரைப் படமெடுத்தது யார்?

கேள்வி: காட்டில் தனியாக வாழ்பவர்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பவன் நான். ‘தன்னந்தனியாக’ என்று குரல் ஒலிக்கும்போதே அவர் பனியில் நடந்து போவது தூரத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் கேமராவுக்குப் பின்னால் நிற்பது யார்? இது ஏமாற்று இல்லையா? நானும் இப்படியொரு படம் எடுக்க ஆசைப்படுகிறேன்.
- திரைப்படக் கல்லூரி மாணவர், கோவை

பதில்: எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் கிடையாது, தம்பி.

ரிச்சர்ட் ப்ரெனக்கி, 1968-ல், ஐம்பதைத் தாண்டிய வயதில், அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் கைக்கருவிகளாலேயே மரவீடு கட்டியவர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அவரைப் படமெடுத்தவர் அவரேதான். 16 எம்.எம். போலெக்ஸ் கேமரா, பேட்டரி வேண்டாம், ஸ்பிரிங்கை முறுக்கினால் ஓடும். முழுக்க முறுக்கினாலும் அரை நிமிடம்தான். அவர் ஏரியோரம் நடந்து மறைவது நமக்குச் சில நொடிக் காட்சி. அவரோ திரும்பி வந்து, கேமரா நிற்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு, அதே வழியை மறுபடி நடக்க வேண்டும். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழுவோடு போனால் கதையே வேறு. சைபீரியாவின் சயான் மலைக்காட்டில், மத நம்பிக்கைக்காக 40 ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுங்கி வாழ்ந்த லீக்கோவ் குடும்பத்தை 1978-ல் நிலவியலாளர்கள் கண்டார்கள். 1981-ல் அந்த வீட்டுப் பிள்ளைகள் நால்வரில் மூவர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். வந்தவர்களிடமிருந்து தொற்றிய நோயா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. எஞ்சிய அகாஃபியாவைத் தேடிப் பிறகும் படக்குழுக்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கின. எனக்கு இது நெஞ்சை உறுத்தும் விஷயம். உங்கள் குழுவில் ஒருவருக்கு இருமல் என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கூடவே இருந்துவிட்டு இல்லாததுபோல் எடிட் செய்வதுதான் ஏமாற்று. உங்கள் கூடாரமும், உங்களுக்காக அவர் கூடுதலாக வைக்கும் தேநீர்க் கோப்பையும் படத்தில் இருக்கட்டும். இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள்; சாப்பாடு உங்களுடையதாக இருக்கட்டும். முதல் சில நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு விறகு பிளந்து கொடுங்கள்.

கடுங்குளிரில் பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். சூடான வீட்டுக்குள் நுழையுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

படம் வெளியானதும் வேடிக்கை பார்க்க ஆட்கள் கிளம்புவார்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மலைமுகடு, ஆற்றுவளைவு எதுவும் படத்தில் வேண்டாம். வெளியிடுமுன் திரும்பவும் போய் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு காட்சி வேண்டாம் என்று அவர் சொன்னால், அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் நீக்கிவிடுங்கள்.